வேட்டி வரிசையில் நின்ற பிரெஞ்சுக்காரர்

"உன் புருஷனுக்கு வலது கால்ல எத்தனை விரல்?"

கேட்டவர் என் கணவரின் தாய்மாமா. இடம், கோவில்பத்தில் என் மாமனார் வீட்டுக் கூடம். தையல் மெஷினை மூடிப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து, அதையே மேசையாக்கிக்கொண்டு அதற்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

"அஞ்சு மாமா."

"எண்ணிப் பாத்தியா?"

எண்ணிப் பார்க்கவில்லைதான். கல்யாணமாகி மொத்தம் இருபத்திரண்டு நாள் கூட இருந்தவரின் கால்விரலை எந்தப் பெண் எண்ணிக்கொண்டிருப்பாள்? சமையல்கட்டிலிருந்து என் மாமியார், அஞ்சுதான், பெத்தவள் நான் சொல்கிறேன் என்று குரல் கொடுத்தார். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாட்சிகள் நடுவில் பேசக் கூடாது என்று சொந்த அக்காவை அதட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அதிகாரி ஆனார்.

இது பைத்தியக்கார வீடு இல்லை. நான் பிரான்சுக்குப் போவதற்காக நடந்த ஒத்திகை. சென்ற வாரம், மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "காரைக்காலில் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தவர் பாரீசுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். சுருக்கமாகப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எதற்குத் தொடர் எழுதுகிறேன்?

இன்னும் போகலையா?

என் கணவர் அருள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், ஏர்போர்ட்டில் வேலை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆனால் தாலி கட்டிய கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. நெசமான கல்யாணம்தானா, இல்லை பாஸ்போர்ட்டுக்காகக் கட்டிக்கொண்டதா என்று புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள். பதில்கள் ஒத்துப்போனால்தான் கல்யாணம் அவர்கள் பதிவேட்டில் ஏறும். ஏறினால்தான் விசா. ஒத்துப்போகாவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே.

அப்படி ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருந்தாள். புருஷன் சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டதற்கு, மாமியார் எதிரில் சொல்லிப் பழகியபடியே "இல்லை" என்று சொல்லிவிட்டாள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். மூன்று வருஷம் ஆகியும் அவள் இங்கேதான் இருந்தாள்.

அருள் இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறிப் போய்விட்டார். அப்புறம் எட்டு மாதம் நான் மாமியார் வீட்டில். அந்த எட்டு மாதத்தில் காரைக்கால் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். பஸ்ஸில், மீன் மார்க்கெட்டில், கோயிலில் குருக்கள் தட்டை நீட்டும்போதுகூட, "இன்னும் போகலையா?" உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கண்ணாடிக் கடை வேலையையும் வெளிநாடு போகப்போகிறவள் என்பதால் விடச் சொல்லிவிட்டார்கள். போகவும் இல்லை, வேலையும் இல்லை. நான் பிறந்த பூவத்தில் என் அப்பாவைப் பார்க்கப் போனால் அங்கே பக்கத்து வீட்டில், வாழாவெட்டியாக வந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அதனால்தான் விசாரணைத் தேதி வந்ததும் வீடே போர்க்கோலம் பூண்டது. தாய்மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா மாமா அங்கே இங்கே விசாரித்து, நூற்று நாற்பது கேள்விகளும் பதில்களும் கொண்ட ஒரு நோட்டைத் தயாரித்தார். ஒரு பிரதி எனக்கு, இன்னொரு பிரதி தபாலில் அருளுக்கு. பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம்? நீலம், வெள்ளைக் கோடு, முனை கொஞ்சம் வளைந்தது. கட்டிலில் யார் எந்தப் பக்கம்? கணவர் சுவர்ப்பக்கம். கணவர் விரும்பிச் சாப்பிடுவது? வாளை மீன் குழம்பு. எனக்கு அவர் பிரஷ்ஷே ஞாபகம் இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்றார்கள். பண்ணிய கல்யாணத்தை நிரூபிக்க இன்னும் எத்தனை பொய் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

போனவர்கள் எல்லாம் எப்படிப் போனார்கள்

கொஞ்சம் வழிதவறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் போட்டு வெளிநாடு போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலத்தெருவில் ஸ்டெல்லா என்று என் பள்ளித்தோழி. தையல் வகுப்பில் சேரத்தான் போனாள். அங்கே இடம் இல்லை. வந்ததற்கு வெறுங்கையோடு திரும்புவானேன் என்று பக்கத்து அறையில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்தாள். இன்றைக்கு அயர்லாந்தில் பெரிய நர்ஸ். இன்னமும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கத் தெரியாது.

எங்கள் பூவத்தில் ஒருவர், பங்காளியோடு வரப்புத் தகராறில் கோபித்துக்கொண்டு, இந்த ஊர்த் தண்ணீரே இனி குடிக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுக் கிளம்பினார். மயிலாடுதுறையோடு நின்றிருக்கலாம். ரோஷக்காரர், துபாய்க்கே போய்விட்டார். முப்பது வருஷம். திரும்பி வந்தபோது அந்தப் பங்காளியே மாலை போட்டு வரவேற்றார். தகராறு எந்த வரப்புக்கு என்று இரண்டு பேருக்கும் மறந்துவிட்டிருந்தது.

ஆனால் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் என் கணவரின் தாத்தா. அவரும் பூவத்துக்காரர்தான்.

வேட்டியும் மாடும்

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன பிறகு, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டுச் சொல்லலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. காரைக்காலில் இன்றைக்கும் யார் வீட்டில் யார் பிரெஞ்சு, யார் இந்தியர் என்பதெல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் வந்ததுதான்.

என் மாமனார் வீட்டுக் கூடத்தில் அந்தப் பத்திரத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் கதைப்படி, தாத்தாவுக்குப் பிரான்சின் மேல் உயிர். கொடி இறங்கியபோது அழுதாராம். உள்ளத்தில் எரிந்த பற்றினால் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்திட்டாராம். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும்.

பூவத்துக் கதை வேறு. பூவத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். வெள்ளைக்காரன் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு வேட்டி கொடுத்துவிட்டுப் போகிறான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அருளின் தாத்தா வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றார். முறை வந்தது. காகிதத்தை நீட்டினார்கள். வேட்டி வாங்கியதற்கு ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, வேட்டி தருவார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போய்க் கேட்டாராம்.

இதை இவ்வளவு விவரமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நின்றவர் என் தாத்தா. அவர் விஷயம் தெரிந்தே நின்றவர். பிரெஞ்சுக்காரராக வேண்டும், பிள்ளைகளை அங்கே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நின்றவர். இன்னும் ஒரே ஆள்தான் முன்னால். அப்போது பார்த்து ஒருவன் சைக்கிளில் வந்து, உன் மாடு அடுத்தவன் நடவில் இறங்கி மேய்கிறது என்றான். தாத்தா வரிசையை விட்டு ஓடினார். அப்புறம் பஞ்சாயத்து, அப்புறம் நடவு, அப்புறம் களை. கெடு முடிந்துபோயிற்று.

ஆக, ஒரு வேட்டியால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஒரு மாட்டால் நாங்கள் இந்தியர்கள். எங்கள் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் அந்த மாட்டைத் திட்டுவார். அது செத்து அரை நூற்றாண்டு ஆகியும் அதற்கு ஏச்சு ஓயவில்லை.

பூவத்தில் யாரும் இதை என் மாமனார் காதுபடச் சொன்னதில்லை. பெரிய இடம், எதற்கு வம்பு? சம்பந்தம் பேசியபோது என் அப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பத்திரத்தைப் பார்த்து ஆஹா என்றார்.

நோட்டில் இல்லாத கேள்வி

விசாரணைக்காக அருள் லீவு போட்டு வந்தார். வந்த மூன்றாம் நாள் புதுச்சேரி. காரில் நானும் அவரும் சொல்தா மாமாவும். சீர்காழி தாண்டும் வரை ஒன்றிலிருந்து எழுபது, கடலூர் தாண்டும் வரை எழுபத்தொன்றிலிருந்து நூற்று நாற்பது. எட்டு மாதம் கழித்துப் பார்க்கிற புருஷனோடு நான் பேசியது அவ்வளவுதான்.

முதலில் என்னை அழைத்தார்கள். அதிகாரி ஒரு நடுவயது பிரெஞ்சு அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு புதுச்சேரி அம்மா. அதிகாரியின் மூக்குக்கண்ணாடி இறங்கி இறங்கி வந்தது. மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் நெருக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

கேள்விகள் நோட்டில் இருந்த மாதிரியே வந்தன. நான் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி மொழிபெயர்ப்பு அம்மா இரண்டு தடவை கெஞ்சினார். நீல பிரஷ் சொன்னேன், சுவர்ப்பக்கம் சொன்னேன், வாளை மீன் சொன்னேன். கால்விரலை அவர்கள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

அப்புறம் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல ஒன்று கேட்டார். உங்கள் கணவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை எப்படி வந்தது?

இது நோட்டில் இல்லை. நோட்டில் இல்லாததால் எனக்கு ஒரு குஷியே வந்துவிட்டது. காலையிலிருந்து முதல்முறையாக எனக்கு நெசமாகவே பதில் தெரிந்த ஒரு கேள்வி. வேட்டி, வரிசை, ரசீது, வராந்தா, என் தாத்தா, மாடு என்று ஒன்று விடாமல் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தேன். வெளியே வந்தபோது எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

அடுத்து அருள் உள்ளே போனார். கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடமும் அதையே கேட்டால் அவர் கூடத்தில் மாட்டியிருக்கிற கதையைத்தானே சொல்வார். மூன்று வருஷமாக எங்கள் தெருவில் காத்திருக்கிறவளின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். பிள்ளையாரே, அவரிடம் மட்டும் கேட்காமல் விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் வேறு வேலையாக இருந்தார்.

முதல் சண்டை

இருவரையும் சேர்த்து உள்ளே அழைத்தார்கள். மொழிபெயர்ப்பு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லாப் பதிலும் ஒத்துப்போகிறது, வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறது, வளைந்த பிரஷ் வரைக்கும். அதுதான் மேடத்துக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒத்துப்போகாதது ஒன்றே ஒன்று. கணவர் தேசப்பற்று என்கிறார், மனைவி வேட்டி என்கிறார். எது உண்மை?

அருள் என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"என்ன வேட்டி?"

"உங்க தாத்தா வாங்கப் போன வேட்டிங்க."

"யாரு சொன்னா?"

"எங்க தாத்தாதான். அவருக்குப் பின்னாடியே நின்னாரே."

"எங்க தாத்தா வேட்டிக்கு நின்னாருன்னு இங்க வந்து சொல்லுவியா நீ?"

"நின்னாரா இல்லையா? பூவத்துல வந்து கேட்டுப் பாருங்க. மறுநாளும் போய்க் கேட்டாராம்ல."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்க ஊரே வயிற்றெரிச்சல் பிடித்த ஊர் என்றார். உங்களுக்கும் அதுதானே ஊர் என்றேன். மாட்டைக் கட்டிவைக்கத் துப்பில்லாதவர்கள் எங்களைச் சொல்ல வந்துவிட்டார்களா என்றார். மாட்டைச் சொல்லாதீங்க என்றேன். பேச்சு அங்கிருந்து எகிறி, எட்டு மாதத்தில் எத்தனை தடவை போன் செய்தீர்கள் என்பதில் போய் நின்றது. அவர் தன் வேலை நேர அட்டவணையைச் சாக்காகச் சொன்னார். நான் அதை நம்பவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதற்கு மொழிபெயர்ப்பு அம்மா நான்கே வார்த்தையில் ஏதோ சொன்னார்.

அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன்னால் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறீர்கள்?

இதுதான் முதல் தடவை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அந்த அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அருளைப் பார்த்தார். கடைசியாக ஒன்று கேட்கிறேன், உங்கள் மனைவிக்குப் பிரான்சுக்கு வர விருப்பமா?

அருள் வாயைத் திறந்தார். இதுவும் நோட்டில் இல்லை. என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"தெரியலைங்க," என்றார், தமிழிலேயே. "நான் கேட்டதில்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். அவர் மட்டுமில்லை, யாருமே கேட்டதில்லை. மாமனார் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, எப்போது போகிறாய் என்று கேட்ட ஊர் முழுக்க ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் இப்போது கேளுங்கள் என்று அதிகாரி கையால் காட்டினார். அருள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சுமதி, எங்கூட வர்றியா?"

என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெளியே சொல்தா மாமா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை, தலையை ஒரு ஆட்டு, முடிந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக ஒருத்தர் என் விருப்பம் என்ன என்று கேட்டிருக்கிறார். அதை அவ்வளவு சீக்கிரம் தீர்த்துவிட எனக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு நாள் டைம் குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

மொழிபெயர்ப்பு அம்மா, நெசமாகவே இதைச் சொல்லவா என்று என்னைக் கேட்டார். சொல்லுங்க என்றேன். சொன்னார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியையே கழற்றிவிட்டுச் சிரித்தார். பாஸ்போர்ட்டுக்காகக் கல்யாணம் செய்துகொண்ட எவளும் இந்த மேசையில் வந்து தவணை கேட்டதில்லை என்றாராம். உங்கள் முடிவை நீங்கள் வீட்டில் எடுங்கள், என் முடிவை நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தவணை

நான் நேராகப் பூவத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன்.

முதல் நாள் காலையில் அருள், சொல்தா மாமாவின் மொபெட்டில் வந்தார். கையில் ஒரு பை இறால். அம்மா கொடுத்துவிட்டாள் என்றார். என் மாமியாருக்கோ அன்றைக்கு விரதம். வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மறுபடி வந்து, அப்பாவோடு வயலைப் பார்க்கப் போனார். சம்பா அறுத்து உளுந்து முளைத்துக் கிடந்த வயலைப் பார்த்து, நெல் எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டார். பொங்கலுக்கு மாப்பிள்ளை என்று அப்பா முகம் மாறாமல் சொல்லிவிட்டு, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்தார்.

இரண்டாம் நாள் வந்தவர் கையில் ஒன்றுமில்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார். வீடு நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது என்றார். குளிர்காலத்தில் மூன்று மாதம் வெயிலே தெரியாது என்றார். காலடியில் இருந்த வாளியை எடுத்து என் பக்கம் வைத்தார்.

"ஏர்போர்ட்ல ஆபீசர்னு எங்க வீட்ல சொல்லியிருப்பாங்க. பெட்டி தூக்குற வேலைதான்."

"தெரியும்."

"எப்படி?"

"கைய பாத்தேன்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதமாக அந்தக் கதை தன் கழுத்தை நெரித்தது என்றார். போன் செய்யும்போதெல்லாம் நான் வேலையைப் பற்றிக் கேட்டுவிடுவேனோ என்று பயந்தே போனைக் குறைத்துக்கொண்டாராம். மடையன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த மனிதனை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். கல்யாணமாகி ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். வருகிறேன் என்று சொன்னேன். தவணை இன்னும் அரை நாள் பாக்கியிருக்கே என்றார். பரவாயில்லை என்றேன்.

பதினைந்து வருஷமாக இங்கே நாலாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் இந்த வாரமும் ஓடவில்லை. வேட்டி விஷயத்தில் அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. படிப்புக்காக வந்தேன், வேலைக்காக வந்தேன், பிள்ளைகளுக்காக வந்தேன் என்று இங்கே ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய வாசகிக்கு என் பதில் இவ்வளவுதான் அம்மா. கேட்டார், வந்தேன்.